இருபத்து நான்கு சொற்கள்

பணத்தை ஒளித்து வைக்கத் தெரியாத பெண் எங்கள் தோட்டத்தில் இல்லை. அரிசிப் பானைக்குள் சுருட்டி வைப்போர் உண்டு. சாமி படத்தின் பின்னால் செருகி வைப்போர் உண்டு. காலியான மைலோ டின்னில் போட்டு, மேலே பருப்பைக் கொட்டி வைப்போரும் உண்டு. நகையை அடகுக் கடையிலேயே விட்டுவைத்து, "வீட்டில் இருப்பதைவிட அங்கே பத்திரம்" என்று சொல்லும் தாய்மார்களையும் நான் அறிவேன்.

ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சேர்க்கும் ஒருவகைப் பணத்தைப் பானையிலும் வைக்க முடியாது, டின்னிலும் வைக்க முடியாது. பிட்காயின் முதலான கிரிப்டோ நாணயங்களைத்தான் சொல்கிறேன். அவற்றை வாங்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் பிட்காயின் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் வசதி தோட்டத்துக் குடும்பங்களில் எத்தனை பேருக்கு உண்டு? ஆனால் பிள்ளை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், அதைக் காக்கும் முறையைப் பெற்றோரும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் தமக்கை மகன் ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். நான்கு ஆண்டுகளாக மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தது, சென்ற பள்ளி விடுமுறையின்போது ஏறக்குறைய 18,000 வெள்ளி மதிப்புக்கு வந்திருந்தது. அக்கா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர். ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பட்டணத்தில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டத்தான் அவன் இதைச் சேர்த்தான். ஆகவே அது விளையாட்டுப் பணம் அல்ல.

அதுவரை அந்த நாணயங்கள் ஒரு பரிமாற்று நிலையத்தின் கணக்கில் இருந்தன. இத்தகைய நிலையங்கள் 2019 முதல் நம் நாட்டுப் பங்குப் பத்திர ஆணையத்திடம் பதிவு பெற வேண்டும். அவன் பதிவு பெற்ற இடத்தில்தான் வாங்கியிருந்தான். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்கியில் போடும் சேமிப்புக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை பி.ஐ.டி.எம். பாதுகாப்பு உண்டு. கிரிப்டோவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2014-இல் தோக்கியோவில் மவுண்ட் கோக்ஸ் என்ற பெரிய நிலையம் முறிந்தது. 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். என்ற நிலையம் வீழ்ந்தது. தங்கள் நாணயம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பியவர்கள் வெறும் கையோடு நின்றார்கள்.

அதனால்தான் அவன் சில நூறு வெள்ளி கொடுத்து ஒரு ஹார்ட்வேர் வாலட் வாங்கி வந்தான். பெருவிரல் அளவில் ஒரு கருவி. சின்னத் திரை ஒன்று, பொத்தான் இரண்டு. அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா தம்பி பதினெட்டாயிரம் வெள்ளி இருக்கு?"

"இதுக்குள்ள காசு இல்லைம்மா. சாவி மட்டும்தான் இருக்கு" என்றான் அவன்.

அக்காவுக்கு விளங்கவில்லை. நான் தோட்டத்துச் செக்ரோலை வைத்துச் சொன்னேன். செக்ரோல் ஆபீசில் மட்டும் இருந்தால் அதைத் திருத்துவது எளிது. அதே செக்ரோலின் பிரதி எல்லா வீட்டிலும் இருந்தால்? ஒருவர் மாற்றினாலும் மற்ற பிரதிகள் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். பிட்காயின் கணக்கும் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இப்படித்தான் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 2009 ஜனவரியில் தொடங்கிய கணக்கு அது. பணம் அந்தப் புத்தகத்தில் ஒரு வரி. அந்த வரியை இன்னொருவர் பெயருக்கு மாற்றக் கையொப்பம் வேண்டும். அந்தக் கையொப்பத்தைப் போடும் சாவிதான் இந்தக் கருவிக்குள் இருக்கிறது. கணினியில் வைரஸ் இருந்தாலும் சாவி கருவியை விட்டு வெளியே வராது.

இனி அவன் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். கருவியைத் தயாரித்த நிறுவனத்திடமே நேராகத் தருவித்திருந்தான். ஒருவர் பயன்படுத்தியதை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கக் கூடாது. பெட்டிக்குள் முன்கூட்டியே சொற்கள் எழுதிய அட்டை இருந்தால் அது மோசடி என்று உடனே தெரிந்துகொள்ள வேண்டும். அட்டை வெற்றாகத்தான் இருக்க வேண்டும். பின்பு ஒரு பின் எண் வைத்தான். அடுத்து, சின்னத் திரையில் ஒவ்வொன்றாக ஆங்கிலச் சொற்கள் வரத் தொடங்கின. மொத்தம் 24. 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து கருவியே பொறுக்கி எடுக்கும் சொற்கள் அவை. மீட்புச் சொற்கள் என்று அவற்றைச் சொல்லலாம்.

நான் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். "நீ டீச்சர்தானே, பார்த்துத் திருத்தேன்" என்று அக்கா சிரித்தார். "அதை நான் பார்க்கக் கூடாது அக்கா" என்றேன். அச்செழுத்தில் எழுது, ஒவ்வொன்றுக்கும் எண் போடு என்று மட்டும் அவனிடம் சொன்னேன். பள்ளியில் சொல்வதெழுதுதலில் பிழை விட்டால் ஒரு மதிப்பெண்தான் போகும். இங்கே ஒரு சொல் மாறினாலும், வரிசை பிறழ்ந்தாலும் பெட்டி திறக்காது. அவன் பேனாவால் தாளில்தான் எழுதினான். கைத்தொலைபேசியில் படம் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை. இணையத்தோடு தொடர்புள்ள எதிலும் அந்தச் சொற்கள் ஏறவே கூடாது.

முதலில் 50 வெள்ளிக்கு மட்டும் அனுப்பிப் பார்த்தான். கணினியில் தெரியும் முகவரியும் கருவியின் திரையில் தெரியும் முகவரியும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டான். நகல் எடுத்த முகவரியைக் களவாக மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டாம்.

பிறகு அவன் செய்த காரியம் அக்காவைப் பதற வைத்தது. வேண்டுமென்றே பின் எண்ணை மூன்று முறை தவறாக அழுத்தினான். கருவி தன்னைத் தானே துடைத்துக்கொண்டது. "ஐயோ, போச்சா?" என்று அக்கா எழுந்தே விட்டார். அவன் தாளைப் பார்த்து, இரண்டு பொத்தான்களால் ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப ஏற்றினான். நெடுநேரம் பிடித்தது. கடைசியில் அந்த 50 வெள்ளி அப்படியே திரையில் வந்து நின்றது. அதன் பிறகே மீதித் தொகையை மாற்றினான்.

அந்தச் சோதனையில்தான் உண்மை எங்களுக்கு விளங்கியது. கருவி தொலையலாம், உடையலாம், ஆற்றில் விழலாம். வேறொரு கருவி வாங்கிக்கொள்ளலாம். உண்மையான பணப்பை அந்தத் தாள்தான். தாள் தொலைந்து கருவியும் பழுதானால் எந்த ஆபீசிலும் போய் முறையிட முடியாது. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் ஒருவருடைய ஹார்ட் டிஸ்க் 2013-இல் குப்பைக்குப் போய்விட்டது. அதில் ஏறக்குறைய 8,000 பிட்காயினுக்கு உரிய சாவி இருந்தது. குப்பை மேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு அவர் போட்ட வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளிவிட்டது.

எல்லாம் முடிந்தபோது அக்கா ஒன்று கேட்டார். "நீ ஊர்ல இல்லாத நேரத்துல இது யாருக்குத் தம்பி தெரியும்?"

அவன் பேசாமல் இருந்தான். தினமும் மோட்டார் சைக்கிளில் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிற பிள்ளை. அக்கா கேட்காமல் விட்ட கேள்வி எங்கள் மூவருக்கும் கேட்டது. சேமநிதியில் வாரிசின் பெயரை எழுதி வைக்கப் பாரம் உண்டு. இதில் அப்படி ஒன்றும் இல்லை. யாருக்கும் சொல்லாதே என்றுதான் எல்லாரும் புத்தி சொல்கிறார்கள். அது சரிதான். ஆனால் ஒருவருக்குமே தெரியாமல் வைத்தால், திருடனிடமிருந்து காப்பாற்றிய பணம் பெற்றவளுக்கும் கிடைக்காமல் போகும்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். தாளை உறையிலிட்டு ஒட்டி அக்காவிடம் கொடுத்தான். வைத்த இடம் அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. திறக்கும் முறை எனக்குத் தெரியும், ஆங்கிலம் படிக்காத அக்காவுக்குத் தெரியாது. ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஆகாது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் எத்தனை வீடுகளில் பத்திரங்கள் ஊறிப் போயின! தாளை மட்டும் நம்பக் கூடாது என்று, அதே சொற்களைத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் பொறித்து ஜொகூரில் தனியாக வைத்திருக்கிறான்.

அக்காவுக்கு ஒரே ஒரு பாடத்தை மட்டும் மனப்பாடம் செய்து வைத்தேன். அந்தச் சொற்களைப் போனிலோ கடிதத்திலோ கேட்பவர் கம்பெனிக்காரர் என்றாலும், போலீஸ் என்றாலும், வங்கி என்றாலும் திருடரே. இது வீண் பயம் அல்ல. 2020-இல் லெட்ஜர் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயர்களும் முகவரிகளும் வெளியே கசிந்தன. அடுத்த ஆண்டே சிலருடைய வீட்டுக்குப் போலிக் கருவிகள் தபாலில் வந்து சேர்ந்தன.

தாய்மார்களே, உங்கள் பிள்ளைகள் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, சாப்பிட்டு முடித்த பிறகு அமைதியாகக் கேளுங்கள். எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்க வேண்டாம். அதைக் கேட்டால் பேச்சு அடைத்துவிடும். சாவிச் சொற்களை எழுதி வைத்திருக்கிறாயா, எழுதியபடி திறக்கிறதா என்று சோதித்தாயா, உனக்கு முடியாத நேரத்தில் எங்களில் யார் எங்கே தேடுவது? இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வரும்வரை விடாதீர்கள்.