இரண்டு நவம்பர்

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, நாலு மணி நேரம் கடலையும் பக்கத்து சீட் குட்டிப் பையனின் வாந்தியையும் சமாளித்து, காங்கேசன்துறையில் இறங்கினபோது என் கையில் ஒரு லிஸ்ட் இருந்தது. நல்லூர் கோயில், 1981-ல் எரிக்கப்பட்டு மறுபடி எழுந்த யாழ்ப்பாண நூலகம், ரியோ ஐஸ்க்ரீம், ஒடியல் கூழ். நாலையும் முடித்துவிட்டு ஊர் திரும்புவதுதான் ப்ளான்.

முடித்துவிட்டேன். கூழ் செம காரம். ஆனால், லிஸ்ட்டில் இல்லாத ஒரு விஷயம்தான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

பார்க்கச் சொல்லும் கற்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஏ-9 சாலையில் பஸ் பிடித்தேன். ரெண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ரோடு. அதுதான் ஆனையிறவு. அங்கே மேடை போட்டு, ஒரு பழைய புல்டோசரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1991 ஜூலையில் விடுதலைப் புலிகள் இங்கிருந்த ராணுவ முகாமைத் தாக்கியபோது, இரும்புக் கவசம் போட்ட இந்த வண்டியை முன்னால் விட்டு வந்தார்கள். அதன் மேல் ஏறி கையெறி குண்டு வீசி நிறுத்தி, தானும் செத்துப்போனவர் காமினி குலரத்ன என்கிற ராணுவ வீரர். இலங்கையின் மிக உயர்ந்த வீர விருது அவருக்குத்தான் முதலில் கொடுக்கப்பட்டது.

நான் நின்றிருந்தபோது தெற்கிலிருந்து ஒரு டூரிஸ்ட் பஸ் வந்தது. ஸ்கூல் பசங்க ஓடிப் போய் போட்டோ எடுத்தார்கள். வெள்ளைச் சேலை கட்டின ஒரு சிங்களப் பாட்டி மட்டும் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் யாரோ திரும்பி வராமல் போயிருக்கலாம். இந்தப் போரில் இறந்த அரசுப் படையினர் 27,000-க்கும் மேல். அந்தப் பாட்டி அழுததில் எந்தத் தப்பும் இல்லை. அழ அவருக்கு ஒரு இடம் இருக்கிறது. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

அடுத்து கிளிநொச்சி. புலிகளின் தலைநகராக இருந்து, 2009 ஜனவரி 2-ல் ராணுவத்தின் கைக்கு வந்த ஊர். ரோட்டு ஓரத்திலேயே பெரிய கான்கிரீட் கட்டி. அதைப் பிளந்துகொண்டு ஒரு பீரங்கிக் குண்டு, உச்சியில் மலரும் தாமரை. இன்னும் கிழக்கே போனால் புதுக்குடியிருப்பில் ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் தேசியக் கொடி என்று ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு பெரிய சிப்பாய்.

எல்லாமே 'வந்து பார்' என்று கூப்பிடும் கற்கள். சரி, எதிர்த்தரப்பில் செத்தவர்களுக்கு?

மூன்றாவது வரிசை

அந்தக் கேள்விக்குப் பதில் கோப்பாயில் கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை போகிற வழி. ஆட்டோ அண்ணன் வண்டியை ஓரம் கட்டாமல், ஸ்பீடை மட்டும் குறைத்தார்.

"இதுதான் தம்பி."

"எதுண்ணா?"

வேலி, வாசல், காவலுக்கு நிற்கிற சிப்பாய். ராணுவ முகாம். வேறு ஒன்றும் தெரியவில்லை.

"துயிலும் இல்லம் இருந்த இடம். என்ர அண்ணன் அங்கால, மூண்டாவது வரிசை."

புலிகள் தங்கள் வீரர்களைப் புதைத்த கல்லறைத் தோட்டங்களுக்குத் துயிலும் இல்லம் என்று பெயர். கோப்பாயில் மட்டும் சுமார் 2,000 கல்லறைகள். 1995-96-ல் ராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது ஒரு முறை உடைக்கப்பட்டது. 2002 போர் நிறுத்தத்தில் மறுபடி கட்டினார்கள். போர் முடிந்த பிறகு மொத்தமாக மட்டமாக்கி, 2011-ல் அதன் மேலேயே 51-வது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் மற்ற துயிலும் இல்லங்களுக்கும் புல்டோசர்தான் போனது.

"பதினேழு வயசு. வீட்டில சொல்லாமல் போனவர். 93-ல பூநகரியில செத்துப்போனார். போனது சரியோ பிழையோ எண்டு அம்மாவும் நாங்களும் எத்தினையோ தரம் கதைச்சிட்டம் தம்பி. ஆனா அழுறதுக்கும் ஒரு இடம் வேணுமெல்லோ? நவம்பர் 27-க்கு அம்மா முகாமுக்கு எதிர்ப்பக்கக் காணியில நிண்டுதான் விளக்கு ஏத்துறவ."

நான் மொபைலை எடுத்தேன். "படம் எடுக்காதேங்கோ" என்றார். வண்டி வேகம் எடுத்தது.

ஒரு காம்பஸ் கதை

நம்ம வயசுக்காரர்கள் கதை ஒன்று சொல்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், திருநெல்வேலி (ஆமாம், அங்கேயும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது). 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. அந்தக் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011-ல் சொன்னது. அவர்களுக்காக மாணவர்கள் காம்பஸுக்குள் ஒரு நினைவுத்தூண் கட்டினார்கள். துப்பாக்கி இல்லை, சிப்பாய் இல்லை. மேலே நீளும் கைகள் மட்டும்.

2021 ஜனவரி 8. வெள்ளிக்கிழமை ராத்திரி. அந்தத் தூண் இடித்துத் தள்ளப்பட்டது. விஷயம் பரவினதும் மாணவர்கள் வாசலில் கூடினார்கள். உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். திங்கட்கிழமை வடக்கிலும் கிழக்கிலும் கடையடைப்பு. அன்று காலையே துணைவேந்தர் வந்து புதுசுக்கு அடிக்கல் நாட்ட வேண்டியதாயிற்று. ஏப்ரலில் தூண் மறுபடி நின்றது. மூன்றே நாளில் பசங்க ஜெயித்த போராட்டம்!

கொஞ்சம் நம்மைப் பற்றியும்

இந்த இடத்தில், 'பாவம்பா' என்று சொல்லிவிட்டு நாம் நழுவ முடியாது பாஸ். 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப் படை அங்கே இருந்தது. அதில் இறந்த ஏறத்தாழ 1,200 வீரர்களுக்குக் கொழும்பு பக்கம், நாடாளுமன்றம் இருக்கிற கோட்டேயில் நினைவுச் சின்னம் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஆனால் 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் அதே படை சுட்டதில் டாக்டர்கள், நர்ஸ்கள் உட்பட 21 பணியாளர்களும் நோயாளிகளும் சேர்த்து எழுபது பேர் அளவுக்கு இறந்தார்கள். அவர்களுடைய போட்டோக்களுக்கு ஆஸ்பத்திரி ஊழியர்களே வருஷா வருஷம் விளக்கு ஏற்றுகிறார்கள். இந்த ரெண்டில் நாம் பள்ளிக்கூடத்தில் எதைப் படித்தோம்?

புலிகளும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். தங்கள் வீரர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை. அவர்கள் சுட்டுக் கொன்ற மற்ற இயக்கத்துத் தமிழ்ப் பையன்களுக்கு ஒரு கல்லும் இல்லை. 1990 அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு ரெண்டு மணி நேரம் கெடு கொடுத்து ஊரைவிட்டே அனுப்பினார்கள். அதே வருஷம் ஆகஸ்ட்டில் காத்தான்குடி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். சுவரில் இருக்கும் குண்டுத் துளைகளைப் பூசாமல் வைத்திருக்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்கு அந்தச் சுவர்தான் நினைவுச் சின்னம்.

ஒரே மாதம், ரெண்டு தேதி

புலிகள் இயக்கத்துக்கு நம்ம நாட்டிலும் 1992 முதல் தடை. எதனால் என்று ஸ்ரீபெரும்புதூர் தெரிந்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 'தடை செய்த இயக்கத்துக்கு எவன் கல்லறை கட்ட விடுவான்?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், அந்த இன்னொரு நவம்பரைத் தெரிந்துகொள்ளும் வரை.

இலங்கை அரசை எதிர்த்து ஆயுதம் தூக்கினது தமிழர்கள் மட்டும் இல்லை. ஜே.வி.பி. என்கிற சிங்கள இளைஞர்கள் கட்சி 1971-ல் ஒரு முறை, 1987-89-ல் இன்னொரு முறை கிளர்ச்சி செய்தது. அவர்களும் கொன்றார்கள், பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். தலைவர் ரோஹண விஜேவீர கொல்லப்பட்ட நாள் 1989 நவம்பர் 13. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அந்தக் கட்சி சிவப்புக் கொடி, மேடை, பேச்சு என்று வெளிப்படையாக அஞ்சலி செலுத்துகிறது. கட்சி தேர்தலுக்கு வந்தது. 2024 செப்டம்பரில் அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க நாட்டின் ஜனாதிபதியே ஆனார்.

பதினாலு நாள் தள்ளி, நவம்பர் 27. 2016-ல் கிளிநொச்சி கனகபுரத்தில் மக்கள் திரண்டு விளக்கு ஏற்றினார்கள். 2020-ல் கோர்ட் தடை வாங்கி நிறுத்தினார்கள். ஒரு வருஷம் அனுமதி, ஒரு வருஷம் தடை. இந்த வருஷம் அழலாமா கூடாதா என்று ஒரு அம்மா பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நவம்பர் 13-க்கு விளக்கு ஏற்ற விட்டதால் அந்த நாடு உடைந்துபோகவில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்த கட்சி கோட்டைக்கே வந்தது. அப்போ 27-க்கு மட்டும் ஏன் பயம்? செத்தவன் செய்தது சரியா என்று நூறு வருஷம் விவாதம் பண்ணலாம். அவன் அம்மா அழ, அந்த விவாதம் முடிகிற வரை காத்திருக்க வேண்டுமா?

திரும்பும்போது காங்கேசன்துறையில் பைகளைச் சோதித்தார்கள். பனங்கட்டி, கறுத்தக்கொழும்பான் மாம்பழம், நாலு சட்டை. சந்தேகப்பட ஒன்றும் இல்லை. மொபைலில் புல்டோசர் படம் இருந்தது, தாமரை படம் இருந்தது. கோப்பாய் படம் மட்டும் இல்லை.

நீங்களும் ஏ-9-ல் ஒரு தடவை போய்ப் பாருங்க. சிலைகள் தானாகவே கண்ணில் படும். அதோடு திரும்பிவிடாமல், ஆட்டோ அண்ணனிடம் ஒரு வார்த்தை கேளுங்க: "இங்கே முன்னாடி என்ன இருந்ததுண்ணா?"