கதிர்பட்ட மாங்கனி

சித்தூரில் பிறந்து வளர்ந்தோர்க்கு மாம்பழம் வெறும் கனியன்று. ஆண்டின் ஒரு பருவமே அதுதான். 1953ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தினின்றும் ஆந்திரம் பிரிந்தபோது எம்மூர் அப்பக்கம் சென்றது. தமிழ்க் குடும்பங்கள் பல இங்கேயே தங்கின. கூழ் ஆலைகளுக்குச் செல்லும் பெங்களூரா மரங்களுக்கிடையே, வீட்டாருக்கென்று இரண்டு பங்கனப்பள்ளி மரங்களைக் கிணற்றடியில் எம் அன்னையார் வளர்த்தார்கள்.

அன்னையாரின் இறுதிக்காலம் அமெரிக்காவில், எம் தம்பியின் இல்லத்தில் கழிந்தது. 2018ஆம் ஆண்டுக் கோடையில் ஒருநாள், “ஒரு துண்டு பங்கனப்பள்ளி கிடைக்குமா?” என்று கேட்டார்களாம். தம்பி பல கடைகள் ஏறி இறங்கி ஒரு பெட்டி வாங்கி வந்தான். கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டது என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தது. உடனே தொலைபேசியில் அழைத்து, “அண்ணா, அம்மாவுக்குக் கொடுக்கலாமா?” என்றான். நாம் ஒரு நொடியும் தயங்கவில்லை. “வேண்டாம், எறிந்துவிடு” என்றோம். மூத்தோர் சொல்லைத் தட்டாத அவன் அவ்வாறே செய்தான். அடுத்த மாங்கனிப் பருவத்தில் அன்னையார் இல்லை.

மறு ஆண்டு ஒரு திருமணத்தின் பொருட்டுத் திருப்பதி சென்றிருந்தோம். 1954இல் தோன்றிய திருவேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் எம் தமக்கையின் மகன் பௌதிகம் பயின்று வந்தான். பேச்சுவாக்கில் இச்செய்தியைச் சொன்னோம். அவன் சற்று மௌனமாக இருந்துவிட்டு, “மாமா, கதிர் பட்ட பழத்திலே கதிர் தங்கிவிடும் என்றா நினைத்தீர்கள்?” என்றான். பிறகு அவன் விளக்கியதன் சாரம் வருமாறு.

கோபால்ட் 60 என்னும் பொருளிலிருந்து புறப்படும் காமாக் கதிர், விளக்கொளி கண்ணாடியை ஊடுருவுவதுபோல் பழத்தை ஊடுருவிச் செல்கிறது. விளக்கை அணைத்தபின் கண்ணாடியில் ஒளி தங்குவதில்லை. பழத்தில் கதிரும் தங்குவதில்லை. ஆனால் செல்லும் வழியில் அது சில மூலக்கூறுகளை உடைத்துவிடுகிறது. அணுக்களைப் பிணைப்பவை இணையிணையாக நிற்கும் எலக்ட்ரான்கள். பிணைப்பு அறுந்தால், துணையிழந்த ஓர் எலக்ட்ரானோடு துண்டு ஒன்று பிரியும். அதற்குத் தனி உறுப்பு என்று பெயர். அமெரிக்காவின் மிச்சிகனில் கோம்பெர்க் என்பார் 1900இல் முதன்முதலாக இத்தகைய ஒன்றை அறிந்து கூறினார்.

இவற்றுள் பெரும்பாலானவை நீர்மத்தில் நொடியின் சிறு பகுதிகூட நிலைப்பதில்லை. ஒன்றையொன்று சந்தித்து இணைந்து மறைந்துவிடும். அங்ஙனமாயின் அறிஞர் அவற்றைக் காண்பது எவ்வாறு? பொருளை முதலில் உறையவைத்துவிடுகிறார்கள். மெதனாலைத் திரவ நைட்ரஜனில் இட்டால், சுழிக்குக் கீழ் 196 பாகைக் குளிரில் அது நிறமற்றுக் கெட்டியாகும். அதன்மேல் காமாக் கதிரைப் பாய்ச்சினால் ஊதா நிறம் ஏறும். சிதறிய எலக்ட்ரான்களும் துண்டுகளும் நகர வழியின்றிச் சிறைப்பட்டு நிற்பதே காரணம். சூடேறி உருகியதும் நிறம் மறையும். சிறைப்பட்டவற்றைக் காந்தப்புலத்தில் வைத்து, நுண்ணலை செலுத்தி எண்ணும் எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு என்னும் முறையை, இரஷ்யாவின் கசானில் சவோய்ஸ்கி 1944இல் கண்டார்.

மாம்பழத்திற்கும் இதே கணக்குத்தான். சாறு நிறைந்த சதையில் பிறந்த தனி உறுப்புகள், பழம் ஆலையை விட்டு வெளிவருமுன்பே தீர்ந்துவிடுகின்றன. கொட்டையின் உலர்ந்த ஓட்டில் மட்டுமே சில தங்கக்கூடும். விண்வெளி வீரர்களுக்கான இறைச்சிக்கு 44 கிலோகிரே அளவுக்குக் குறையாமல் கதிரூட்டுகிறார்கள். அப்போதும் அதனை உறைந்த நிலையிலேயே வைப்பர். தனி உறுப்புகள் நகர்ந்து சுவையைக் கெடுக்காதிருக்கவே அவ்வேற்பாடு. அமெரிக்கா செல்லும் மாம்பழத்திற்கோ குறைந்த அளவு 400 கிரே, மேல் வரம்பு 1,000 கிரே. கொட்டை வண்டும் பழ ஈயும் பெருகாதிருக்க அது போதும். நாசிக் பக்கத்து லாசல்காவ் கதிரூட்டு நிலையத்தின் வழியே 2007 முதல் நம் நாட்டு மாம்பழங்கள் இவ்வாறு அங்கே சென்றன. 10 கிலோகிரே வரை கதிரூட்டிய உணவால் நச்சுத் தீங்கில்லை என்று உலக நல நிறுவனம் முதலிய மூன்று அமைப்புகளின் வல்லுநர் குழு 1980இலேயே முடிவு கூறியிருந்தது. சில வைட்டமின்கள் சிறிது குறையலாம். அது சமையலிலும் நேர்வதே.

அவன் சொல்லி முடித்தபின் நெடுநேரம் எமக்குப் பேச்செழவில்லை. அந்தப் பெட்டி எம் கண்முன் நின்றது. எம் அறியாமையைக்கூட மன்னித்துக்கொள்ளலாம். அறியாத ஒன்றை அறிந்தவர்போல், அதுவும் மூத்தவர் என்ற உரிமையோடு சொன்னோமே, அதனை எவ்வாறு மன்னிப்பது?

கடல் கடந்து வாழும் அன்பர்களே! ஊரிலிருக்கும் பெரியோர் சொல்லை நீங்கள் மதிக்கின்றீர்கள். அது எமக்குப் பெருமை. ஆயினும் “ஏன்?” என்று ஒருமுறை கேளுங்கள். ஊரிலுள்ள எம்போன்றோரும், “தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்” என்று கூறப் பழகுவோமாக.

கிணற்றடி மரத்தின் முதற்கனியை ஆண்டுதோறும் அன்னையார் படத்தின்முன் வைக்கிறோம். தம்பி இப்போது பெட்டி வாங்கினால் எம்மைக் கேட்பதில்லை. பிள்ளைகளுக்கு அரிந்து கொடுத்தபின், “இனிப்பாக இருந்தது, அண்ணா” என்று மட்டும் சொல்கிறான்.