சிறுவாணிக்குக் குடிபோன மீன்கள்

வீடு மாற்றித் தருகிறவர்கள் பீரோ, ஃப்ரிட்ஜ், கண்ணாடி அலமாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, மீன்தொட்டிக்கு எதிரே வந்ததும் பேனாவை மூடிவிடுகிறார்கள். “தொட்டியை ஏத்திடலாம் சார். மீனை நீங்களே பாத்துக்குங்க.” சென்னையிலிருந்து கோவைக்கு மாற்றல். அதுவும் மே மாதக் கடைசியில். ஏஞ்சல், கௌரமி, கோரி, மோலி எல்லாம் எங்களோடு காரில்தான் வந்தாக வேண்டும்.

கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “குலுங்காதா?” குலுக்கலை மீன் தாங்கும். பைக்குள் அதைக் கொல்வது அதன் கழிவு. செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் வரும் அம்மோனியா, மூடிய பையில் போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால் கிளம்புவதற்கு முந்தின நாளிலிருந்தே தொட்டிக்குத் தீனி கிடையாது. “பாவம்ப்பா, பசிக்கும்ல?” என்று மகள் சண்டைக்கு வந்தாள். நல்ல நிலையில் இருக்கும் வளர்ந்த மீன் ஓரிரு நாள் பட்டினியைப் பொருட்படுத்தாது. வயிற்றில் ஒன்றுமில்லை என்றால் பையிலும் அழுக்குக் குறைவு.

முந்தின நாள் மாலை வாளியோடு கொளத்தூர் போனேன். வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன அந்தத் தெருக்களில் பை கட்டுகிற வேகத்தைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை போகலாம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி இடம் முழுக்க சிலிண்டரிலிருந்து ஆக்ஸிஜன். ஒரு முறுக்கு, ரப்பர் பேண்ட், அதைத் தலைகீழாக இன்னொரு பைக்குள் போட்டு மறுபடி ஒரு கட்டு. கீழ் மூலைகளையும் மடக்கிக் கட்டிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் சின்ன மீன்கள் அந்த இடுக்கில் சிக்கி நசுங்கும். தண்ணீர் நிறைய இருந்தால் மீனுக்கு நல்லது என்று நாம் நினைக்கிறோம். பையில் இடம் வேண்டியது காற்றுக்கு. கோரியின் துடுப்பில் முள் உண்டு, பையைக் குத்திவிடும் என்பதால் அவற்றை மூடி போட்ட டப்பாக்களில் விட்டோம். மேலே வந்து காற்றை விழுங்குகிற கௌரமிக்கு சிலிண்டர் வேண்டாம், சாதாரணக் காற்றே போதும் என்றார் கடைக்காரர்.

பைகள் தெர்மாகோல் பெட்டிக்குள் போயின. மூடினால் இருட்டு, இருட்டில் மீன் அடங்கிக் கிடக்கும், மூச்சும் குறைவாக வாங்கும். பெட்டியை டிக்கியில் வைக்கவில்லை. எங்கள் காரில் ஏசி அங்கே எட்டாது. முன் சீட்டுக்குப் பின்னால், தரையில் வைத்தோம். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கும் ஆக்ஸிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான்.

வேலூர் வெயில் தலைதூக்குவதற்குள் அதைத் தாண்டிவிட வேண்டும் என்று விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பினோம். ஆம்பூரில் பிரியாணிக்கு உட்கார நேரமில்லை என்ற வருத்தம் மனைவிக்கு இன்னமும் உண்டு. டீ குடிக்க நின்ற இடங்களிலும் ஒருவர் மாற்றி ஒருவர் இறங்கினோம். வண்டியும் ஏசியும் ஓடிக்கொண்டே இருந்தன. தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோது மகள் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மற்றபடி சேலம், சங்ககிரி, பவானியில் காவிரி, பெருந்துறை, அவிநாசி என்று 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டியில் பெட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் அவற்றுக்குக் கலவரம்தான் மிச்சம்.

கவனம் வேண்டியது ஊர் வந்து சேர்ந்த பிறகுதான். மீன் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவால் பைத் தண்ணீர் வழியெல்லாம் அமிலத்தன்மை கூடி வருகிறது. அந்த அமிலம்தான் அம்மோனியாவின் பெரும்பகுதியை விஷம் குறைந்த அம்மோனியமாக வைத்திருக்கிறது. பையை அவிழ்த்ததும் வாயு பறந்துவிடும், அமிலம் குறையும், அம்மோனியம் திரும்பவும் விஷமாகும். சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீரை விட்டு மணிக்கணக்கில் பழக்குகிற வழக்கம் பக்கத்துத் தெருக் கடையிலிருந்து வாங்கிவந்த மீனுக்குச் சரி. நாள் முழுக்கப் பையில் கிடந்த மீனுக்கு அது ஆகாது. கட்டை அவிழ்க்காமலே மிதக்கவிட்டுச் சூடு சமமானதும், அவிழ்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து உடனே தொட்டியில் விட வேண்டும். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

ஆனால் சென்னையின் போர் தண்ணீரில் வளர்ந்ததைச் சட்டென்று கோவையின் சிறுவாணித் தண்ணீரில் விடலாமா? உப்பு குறைந்த மென்மையான தண்ணீர் அது. குடிக்க ருசி, மீனுக்கு அதிர்ச்சி. அதற்காகத்தான் பழைய தொட்டித் தண்ணீரையே 20 லிட்டர் கேன்களில் இரண்டு ஏற்றி வந்திருந்தோம். இரண்டடித் தொட்டிக்கு அது முக்கால் பங்குக்குக் கிட்டவே வந்துவிட்டது. ஃபில்டர் பஞ்சை அலசாமல் ஈரத்தோடு, காற்றுப் போகும்படி கொண்டுவந்தோம். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் குடியிருப்பது அதில்தான். பிறகு வாராவாரம் குளோரின் நீக்கிய சிறுவாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தோம்.

ஏஞ்சலுக்கும் கோரிக்கும் புதுத் தண்ணீர் நன்றாகவே ஒத்துக்கொண்டது. மோலிக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும்; துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆட ஆரம்பித்தது. எங்கள் குடியிருப்பில் சமையலறைக்குச் சிறுவாணி, குளியலறைக்கு உப்புத் தண்ணீர் போர். மோலிகளுக்கு இப்போது பால்கனியில் தனித்தொட்டி, குளியலறைக் குழாய்த் தண்ணீரோடு.