எஞ்சிய சிப்பிகள்

மகனை இழந்த மறு ஆண்டு, நாங்கள் இருவரும் கனடாவிலுள்ள மகளின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். ஒருநாள் மாலை, மருமகன் பனிக்கட்டிகளின்மேல் சிப்பிகளைப் பரப்பி வைத்தார். பிரின்சு எட்வர்டு தீவின் மால்பெக் விரிகுடாவில் விளைந்தவை. எலுமிச்சைச் சாறு சில துளி பிழிந்து, ஓட்டில் தேங்கிய நீரோடு பச்சையாகவே உண்ணவேண்டும் என்றார். தயக்கத்துடன் வாயிலிட்டோம். முதலில் கடலுப்பு, மென்றபின் மெல்லிய இனிப்பு. குளிர்நீரில் மெதுவாக வளர்வதால், உண்ணும் பருவம் எய்த நான்கு முதல் ஏழு ஆண்டுகள் ஆகுமாம்.

அவற்றின் வரலாற்றையும் மருமகன் கூறினார். 1900-இல் பாரிசு கண்காட்சியில் புகழ்பெற்ற இனம் அது. 1915-இல் அவ்விரிகுடாவில் நோய் புகுந்தது. சில ஆண்டுகளில் பெரும்பாலான சிப்பிகள் மடிந்தன. நோயைத் தாங்கிய மிகச் சிலவே எஞ்சின. அவற்றின் வழித்தோன்றல்களே பின்னர் அக்கடலை நிரப்பின. 1950-களில் அண்டைக் கரைகளிலும் அந்நோய் பரவியபோது, இத்தீவின் சிப்பிகளையே கொண்டுசென்று அங்கும் இட்டனர்.

வெற்று ஓடுகளை நெடுநேரம் நோக்கியிருந்தோம். இழந்தவனை எண்ணியே ஓராண்டைக் கழித்த நாங்கள், எதிரில் அமர்ந்திருந்த மகளின் முகத்தை அன்றுதான் நிமிர்ந்து பார்த்தோம். எஞ்சியிருப்போருக்கும் இறைவன் ஒரு பணியை வைத்திருக்கிறார். அன்றிரவு செபமாலையில், மறைந்தவனுக்காக மட்டுமன்றி, உடனிருக்கும் மகளுக்காகவும் மன்றாடினோம்.