கூடத்துக் கம்ப்யூட்டரில் சிக்னல்

போனில் நாலு வரிக்கு மேல் தமிழில் தட்டினால் எனக்குக் கட்டைவிரல் வலி எடுத்துவிடும். தமிழ்99 விசைப்பலகையில் ஓடிப் பழகிய கை. அதனால்தான் சிக்னல் செய்திச் செயலியை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போட்டேன்.

விண்டோஸ் என்றால் ஒரு கோப்பை இறக்கித் தட்டினால் முடிந்தது. என்னுடையது உபுண்டு. முதலில் சிக்னலின் சாவியைக் கொண்டுவந்து வைத்து, பிறகு அவர்களுடைய களஞ்சியத்தின் முகவரியைச் சேர்த்து, அதற்கப்புறம்தான் நிறுவ முடியும். சாவி எதற்கென்று பார்க்காமலே பலரும் அந்த வரியை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். வந்திறங்குவது சிக்னல்காரர்கள் கையெழுத்திட்டதுதானா, நடுவில் யாராவது கை வைத்தார்களா என்று ஒவ்வொரு அப்டேட்டிலும் சரிபார்ப்பது அதுதான்.

திறந்ததும் திரையில் ஒரு க்யூஆர் கோடு. போனைக் காட்டினால் இணைந்துவிடும். முன்பெல்லாம் வெற்றுப் பெட்டிதான் கிடைக்கும். 2025 முதல் பழைய உரையாடல்களையும் கடைசி 45 நாள் படங்களையும் கொண்டுவரலாம். இந்தச் சுலபத்தில்தான் வினையும் இருக்கிறது. ரஷ்யச் சார்பு ஊடுருவல்காரர்கள், குழு அழைப்பு மாதிரி வேஷம் போட்ட கோடுகளைக் காட்டி உக்ரைன்காரர்களின் கணக்குகளைத் தங்கள் கம்ப்யூட்டரோடு இணைத்துக்கொண்டதை 2025 பிப்ரவரியில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சிக்னலின் மறையாக்கத்தை உடைக்க வேண்டிய அவசியமே அந்த ஊடுருவல்காரர்களுக்கு வரவில்லை.

கம்ப்யூட்டருக்குள் சேமித்த செய்திகளின் நிலை இன்னும் வேடிக்கை. அவை மறையாக்கப்பட்டவைதான், ஆனால் திறக்கும் சாவி பக்கத்திலேயே ஒரு சாதாரணக் கோப்பில் கிடந்தது. கதவைப் பூட்டிச் சாவியை நிலைப்படி மேல் வைத்த கதை. 2018-லேயே சிலர் சுட்டிக்காட்டினார்கள், 2024-இல்தான் சிக்னல்காரர்கள் அந்தச் சாவியை இயங்குதளத்தின் சாவிப்பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். ஆனால் லாகின் ஆனதும் அந்தப் பெட்டியும் திறந்துகொள்கிறது. ஆளுக்கொரு மெஷின் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள் போல. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கூடத்தில் இருக்கிறது. ஒரே லாகின், பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் அக்கா மகள் ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தாள். திரையின் மூலையில் அறிவிப்பு எட்டிப்பார்த்தது. உரக்க வாசித்தாள்: "மாமா, 'பணம் இன்னும் வரல'ன்னு ஒருத்தர் கேக்குறாரு."

அடுப்படியிலிருந்து அம்மா: "யாருக்குடா பணம் தரணும்?"

அவ்வளவு தூரம் ஒருவரும் ஒட்டுக்கேட்காமல் வந்த செய்தி, கடைசி ஆறடியில் வீடு முழுக்கத் தெரிந்துபோனது. அன்றே அறிவிப்பில் பெயரும் செய்தியும் வராதபடி மாற்றினேன். எனக்குத் தனிக் கணக்கு, தனிப் பாஸ்வேர்டு.

"உங்களுக்கு மட்டும் எதுக்கு மாமா?" என்று அவள் முகம் தூக்கினாள். "அப்ப எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன். அம்மாவுக்குத்தான் இன்னும் கோபம். அவளிடம் நான் என்னத்தை மறைக்கிறேனாம்?