சாம்பாரைத் தாண்டாத முள்ளங்கி

முள்ளங்கி விலை இறங்கும் வாரங்களில், பறிப்புக் கூலிகூடத் தேறாது என்று கணக்குப் போட்டு, காட்டிலேயே மாட்டை அவிழ்த்துவிடுகிறவர்கள் உண்டு. அதே வாரம் சந்தைக்குப் போகும் வீட்டுக்காரர், பீன்ஸையும் கேரட்டையும் காசு கொடுத்து வாங்கி வருகிறார். "நம்ம காட்டுலதான் முள்ளங்கி கெடக்குதே?" என்று மாமியார் கேட்டால், "தினமும் சாம்பாரா வைக்க முடியும் அத்தை? பிள்ளைங்க நாத்தம்னு ஒதுக்குதுங்க" என்கிறார் மருமகள். விற்கிற விலை விவசாயியின் கையில் இல்லை. விளைந்ததை வீட்டில் சாப்பிடுவது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

பிள்ளைகள் சொல்வதிலும் பொய்யில்லை. முள்ளங்கி, கடுகு குடும்பத்துப் பயிர். நறுக்கும்போது, உள்ளே தனித்தனியாக இருக்கும் நொதியும் கந்தகம் கலந்த பொருளும் ஒன்றுசேர்வதால் அதன் காரம் உண்டாகிறது. சூடு பட்டதும் நொதி செயலிழந்து, காரம் அடங்கி, லேசான இனிப்பு தெரியும். அளவுக்கு மேல் வெந்தால் கந்தக வாடை கிளம்பும். நெடுநேரம் கொதிக்கிற சாம்பாரில் வீடு முழுக்க வாடை வீசுவது இதனால்தான்.

நல்ல ருசி காட்டிலேயே தொடங்குகிறது. பூசா சேத்கி போன்ற ரகங்கள் 40 முதல் 45 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். விலை ஏறட்டும் என்று விட்டுவைத்தால் உள்ளே பஞ்சுபோல ஆகி, நார் ஏறிவிடும். அதை எப்படிச் சமைத்தாலும் ருசிக்காது. பறித்ததும் இலையைத் திருகி எடுத்துவிட வேண்டும். ஒட்டியே இருந்தால் கிழங்கின் ஈரத்தை இலை இழுத்து, கிழங்கு தொய்ந்துபோகும்.

பொரியலுக்கு அரை கிலோ இளம் முள்ளங்கி போதும். பொடியாக நறுக்கி, கடுகு, உளுந்து, வரமிளகாய், சின்ன வெங்காயம் தாளித்த வாணலியில் போட வேண்டும். முள்ளங்கியில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதால், தனியாகத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. உப்பு போட்டதும் தானே நீர் விடும். மூடாமல், நல்ல தீயில் கிளறினால் வாடையும் ஆவியோடு போய்விடும். நீர் வற்றியதும் ஒரு கைப்பிடித் தேங்காய்த்துருவல் சேர்த்துச் சூட்டோடு பரிமாறலாம். வேகவைத்த பாசிப்பருப்பும் சீரகமும் சேர்த்தால் கூட்டு.

ஜப்பானில் பெரிய வெள்ளை முள்ளங்கியைத் தடிமனான வில்லைகளாக வெட்டி, முதலில் அரிசி கழுவிய தண்ணீரில் வேகவைக்கிறார்கள். அதன் கசப்பும் கடுப்பும் குறையும் என்பது அவர்கள் அனுபவம். நம் வீடுகளில் மாட்டுத்தொட்டிக்குப் போகிற அதே கழுநீர்தான். காரமான முள்ளங்கி அமைந்துவிட்டால் இதைச் செய்து பார்க்கலாம்.

கிழங்கைவிடக் கீரையில்தான் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் அதிகம். வட இந்தியாவில் கிழங்கையும் இலையையும் சேர்த்தே வதக்கிச் சாப்பிடுகிறார்கள். இங்கே இலை வரப்போரம் குவிகிறது. பொரியல் பாதி வெந்ததும் இளம் இலையை நறுக்கிச் சேர்த்தால் போதும். ஒரு எச்சரிக்கை: அசுவினிக்கு மருந்து அடித்த காட்டில், மருந்து டப்பாவில் சொல்லியிருக்கும் காத்திருப்பு நாள் முடியாமல் கிழங்கையோ இலையையோ சமைக்கக் கூடாது.

இதற்கு எளிய வழி, வீட்டுக்கென்று தனியாக ஒரு பாத்தி ஒதுக்கி, மருந்து அடிக்காமல் வளர்ப்பது. மொத்தமாக விதைக்காமல், 15 நாளுக்கு ஒரு முறை இரண்டு வரிசை மட்டும் விதைத்தால், முற்றாத முள்ளங்கி தொடர்ந்து கிடைக்கும். நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிடும்போது பிடுங்குகிற நாற்றுகளே முதல் கீரைப் பொரியலுக்கு ஆகும். சந்தையில் விலை இறங்கினாலும், அந்த வாரம் காய்க்கென்று கைக்காசு செலவாகாது.