சேசிஸ் இல்லாத பஸ்

ஹூஸ்டனிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் போனோம். பண்ணை வீட்டுப் புல்தரையில், இடது பின்பக்கம் சற்றே சாய்ந்தபடி அந்த பஸ் நின்றது. 1984ஆம் ஆண்டு எம்.சி.ஐ., எம்.சி.-9 மாடல், 40 அடி நீளம், எட்டு டயர். கிரேஹவுண்ட் நிறுவனம் அமெரிக்கச் சாலைகளில் ஓட்டிய அதே ரகம். யாரோ சீட்டுகளைக் கழற்றிவிட்டு வீடாக மாற்றியிருக்கிறார்கள். நானும் மனைவியும் ஓராண்டு இதிலேயே குடியிருந்து, பின்னால் எங்கள் ஜீப்பை இழுத்துக்கொண்டு தேசியப் பூங்காக்களைச் சுற்றிவர ஆசைப்பட்டோம்.

துணைக்கு என் தாய்மாமா வந்தார். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் இருந்தவர். மகள் வீட்டுக்கு வந்திருந்தார்.

"உள்ள அப்புறம் பாத்துக்கலாம் மாப்பிள்ளை. மொதல்ல அடியில பாப்போம்" என்றார்.

இந்த பஸ்ஸுக்கு ஸ்பிரிங் பட்டை கிடையாது. காற்றுப் பைகள்தான் தாங்குகின்றன. இரவு முழுக்க நின்றதில் ஒரு பக்கம் காற்று இறங்கியிருக்கிறது, அதனால்தான் சாய்வு. பை மொத்தமாக இறங்கினால் பஸ் அடியில் இருப்பவர் மேலேயே அமர்ந்துவிடும். பாடிக்குக் கீழே கனமான மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்த பிறகுதான் படுத்து உள்ளே நகர்ந்தோம்.

டார்ச் அடித்த மாமா, "சேசிஸ் எங்க?" என்று கேட்டார். கரூரில் சேசிஸ் தனியாக வந்து இறங்கும். அதன் இரண்டு நீள உத்தரங்கள் மேல் பாடி கட்டுவார்கள். இந்த ரகத்தில் அந்த உத்தரங்களே இல்லை. குழாய்களும் தகடுகளும் பின்னிய கூடுதான் பாரம் முழுவதையும் சுமக்கிறது. ஆகவே எங்காவது துரு தின்றிருந்தால் பஸ்ஸின் எலும்பே போனதாக அர்த்தம். மாமா சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் கணீரென்றது. மூன்றாவது அச்சு பாடியோடு சேருமிடத்தில் ஓசை செத்துவிட்டது. தட்டிய இடத்தில் துரு பொரிந்து உதிர்ந்தது. வெளியே பளபளக்கும் எஃகுத் தகட்டைப் பார்த்து இதை யாரும் ஊகிக்க முடியாது.

பிறகு, நாங்கள் வந்த காரியம். பம்பருக்கு அடியில் வண்டி இழுக்கும் கொக்கி இருந்தது. இரண்டரை அங்குலச் சதுரக் குழாய் ஒன்றை எஞ்சின் அறையின் கீழ்ச் சட்டத்தில் பற்றவைத்திருந்தார்கள், அவ்வளவுதான். எத்தனை எடை தாங்கும் என்ற தகடு இல்லை. இழுவிசையை முன்னால் கூட்டின் பலமான பகுதிக்குக் கொண்டுபோகும் கம்பி ஒன்றுகூட இல்லை. எஞ்சினுக்கு இழுக்கத் தெம்பு இருக்கிறது; அந்தப் பற்றவைப்புக்கு இல்லை. கூடவே இன்னொரு சிக்கல்: இந்த பஸ்ஸில் எஞ்சினைத் தொட்டிலோடு பின்பக்கமாகத்தான் உருவ வேண்டும். கொக்கி குறுக்கே நிற்கிறது. எஞ்சினை எடுக்க ஒவ்வொரு முறையும் அறுக்க வேண்டும். ஜீப்பில் தனியாக பிரேக் போடும் கருவிக்கு ஒயர் இழுத்த அடையாளமும் இல்லை. ஏறக்குறைய 1,800 கிலோவை பிரேக் இல்லாமல் இழுத்துக்கொண்டு மலைச்சரிவில் இறங்க எனக்கு மனம் வராது.

எஞ்சின் டெட்ராய்ட் டீசல் 6வி92, டூ-ஸ்ட்ரோக். முந்தைய நாளே ஸ்டார்ட் செய்ய வேண்டாமென்று சொல்லியிருந்தேன். விற்பவர் அப்படியே செய்திருந்தார். ஆறிய எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது, சந்தோஷம். ஆனால் கொட்டகையில் கிடந்தவை 15டபிள்யூ-40 ஆயில் டப்பாக்கள். இதற்குத் தேவை ஒரே தரமுள்ள 40 ஆயில்.

காற்று 120 பவுண்டு ஏறியதும், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து பிரேக்கை விடுவித்தோம். ஒரு நிமிடத்தில் 5 பவுண்டு இறங்கியது. கனரக ஓட்டுநர் தேர்வில் அனுமதிப்பது 2 பவுண்டுதான். டயர்களின் பட்டன் தேயவில்லை, ஆனால் பக்கவாட்டில் 1217 என்றிருந்தது: 2017ஆம் ஆண்டின் 12வது வாரம். எட்டையும் மாற்ற வேண்டும்.

கடைசியில்தான் உள்ளே ஏறினோம். "ஏங்க, சமையல் மேடை நல்லா உசரமா இருக்கு" என்றாள் மனைவி. உண்மைதான், தேக்கு நிற அலமாரிகள், அகலமான தொட்டி, குளியலறை எல்லாம் அக்கறையோடு செய்தவை. ஆனால் படுக்கை எஞ்சினுக்கு மேலே, கடைசியில். அவசரத்தில் தள்ளித் திறக்கும் ஜன்னல்களைத் தகடு வைத்து மூடிவிட்டார்கள். தீப்பிடித்தால் 40 அடி ஓடி முன்கதவுக்கு வர வேண்டும், நடுவில் கேஸ் அடுப்பு. இதைப் பார்த்ததும் அவள் மேடையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

எடைச் சீட்டு கேட்டேன், எடுத்ததே இல்லையாம். லாரி நிறுத்தங்களில் அச்சு அச்சாக எடை போட்டுத் தருகிறார்கள். எடை தெரியாமல் எவ்வளவு இழுக்கலாம் என்று கணக்குப் போட முடியாது. டெக்சாஸில் 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொந்த உபயோக வீட்டுவண்டிக்கே தனி வகுப்பு உரிமம் எடுக்க வேண்டும்.

நாங்கள் அந்த பஸ்ஸை வாங்கவில்லை. துருவைப் பற்றியும் ஜன்னல்களைப் பற்றியும் விற்பவரிடம் சொல்லிவிட்டு வந்தோம். அவரும் அதில்தான் தூங்குகிறார். இப்படி ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் சுத்தியல், டார்ச், முட்டுக்கட்டைகள் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். முட்டுக் கொடுக்காமல் மட்டும் அடியில் போகாதீர்கள்.